‘படிக்காம என்னத்தப் படிச்சுக்கிட்டிருக்கே?’: வீடு, வாசிப்பு, அதிகாரம்

பிள்ளைகளிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது எப்படி என்று சொல்லித் தருகிற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. பள்ளி ஆண்டு விழா, புத்தகக் கண்காட்சி மேடை, ஞாயிற்றுக்கிழமை இணைப்பு, குழந்தை மருத்துவர் வீட்டுச் சுவர் என்று இடம்தான் மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. வீட்டில் நிறையப் புத்தகம் வாங்கி வையுங்கள். தினம் ராத்திரி இருபது நிமிடம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசிப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். டி.வி.யை நிறுத்துங்கள், செல்போனை ஒளித்து வையுங்கள். வாசிப்பதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். இதையெல்லாம் செய்தால் ஆயுசுக்கும் நீடிக்கிற வாசிப்புக் காதல் வந்துவிடும்.

இந்த அறிவுரையில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பில்லாத பேச்சை யாரும் திருப்பிப் படித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் சங்கடம். நாவலையும் கவிதையையும் பிரதி பிரதி என்று சொல்லி வரிவரியாகக் கழற்றிப் பார்க்கிறவர்கள் நாம். இந்த அறிவுரையும் ஒரு பிரதிதான். கொஞ்சம் கழற்றிப் பார்ப்போம். இதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், இதில் வருகிற ‘வீடு’ எந்த வீடு?

மூலையிலிருந்தே தொடங்கலாம். ஒரே அறையில் சமையலும் படுக்கையும் நடக்கிற வீட்டில் ஒரு மூலையில அடுப்பு இருக்கு. இன்னொரு மூலையில தண்ணிக்குடம். மூணாவது மூலையில பாட்டி படுத்திருக்கு. நாலாவது மூலையில கதவு. வாசிப்பு மூலை கேட்கிற பிரதிக்கு நாலுக்கு மேற்பட்ட மூலைகள் உள்ள வீடுதான் வீடு. அடுத்து, அந்த இருபது நிமிடம். அது யாருடைய நேரம்? ‘பெற்றோர்’ என்பது இலக்கணத்தில் பலர்பால். நடைமுறையில் அது பெண்பால் ஒருமை. பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடித்து எட்டரைக்கு வந்து உலை வைக்கிற பெண்ணிடம் இருபது நிமிடம் கேட்கிறவர், அதே வேலையை அந்தப் பெண்ணின் புருஷனிடம் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. வேலையைப் பெண் தலையில் கட்டி, பொறுப்பை இருவருக்கும் பங்கு வைத்து, பிள்ளை வாசிக்காமல் போனால் பழியைத் திரும்பவும் பெண்ணிடமே கொண்டுவந்து சேர்க்கிறது இந்தச் சொல்லாடல்.

இதெல்லாம் வழக்கமான வர்க்கப் புலம்பல் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மூலையும் நேரமும் தாராளமாக உள்ள வீட்டிலும் விஷயம் இவ்வளவு லேசாக இல்லை.

*

தமிழில் ‘படி’ என்று ஒரு வினை இருக்கிறது. கதைப் புத்தகத்தை வாசிப்பதும் படிப்புதான். பரீட்சைக்கு உருப்போடுவதும் படிப்புதான். மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார் என்று விசாரிப்பதும் அதே படிப்புதான். ஆனால் இவை மூன்றும் ஒன்றில்லை என்பது ஐந்தாம் வகுப்பு தாண்டுவதற்குள் பிள்ளைக்குத் தெரிந்துபோகும். ‘படிக்காம என்னத்தப் படிச்சுக்கிட்டிருக்கே?’ இந்த வாக்கியம் காதில் விழாமல் வளர்ந்த தமிழ் வாசகர் அபூர்வம். இலக்கணப்படி பார்த்தால் அபத்தம். வீட்டின் இலக்கணத்தில் பிழையே இல்லாத வாக்கியம். முதல் படிப்பு கடமை. இரண்டாவது களவு.

1947-இல் அம்புலிமாமா வந்தது. அதையாவது வீடு பொறுத்துக்கொண்டது. அதில் ராஜா இருந்தார், முனிவர் இருந்தார், முடிவில் நியாயம் வென்றது. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது வீட்டுக்குப் பொறுக்கவில்லை. புவியியல் புத்தகத்தின் விரித்த பக்கத்துக்கு நடுவே மாயாவி ஒளிந்தான். மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைகிறவன் அங்கே ஒளிந்ததில் பொருத்தம் இருக்கத்தான் செய்தது. வாடகைக்குப் புத்தகம் விடுகிற கடை, பழைய பேப்பர் கடை, சலூன் பெஞ்சு, கடலை மடித்து வந்த தாள் என்று ஒரு தலைமுறையின் வாசிப்பு வீட்டின் கண்ணுக்கு வெளியேதான் நடந்தது. எந்தப் பெற்றோரும் அதை வளர்க்கவில்லை. தடுத்தார்கள். தடுத்ததால் வளர்ந்தது என்று ரொமான்டிக்காகச் சொல்ல மாட்டேன். தடுத்ததால் நின்றுபோனவர்கள் கட்டுரை எழுத வருவதில்லை, அதனால் அவர்கள் கணக்கு நமக்குத் தெரியாது.

வீடு புத்தகத்தை வெறுத்தது என்றும் சொல்ல முடியாது. கும்பிட்டது. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னது. சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தது. அன்றைக்கு எதையும் படிக்கக் கூடாது. படிப்பின் தெய்வத்துக்கான நாளில் படிப்புக்குத் தடை, மறுநாள்தான் புத்தகம் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு வருஷத்தில் மிகப் பிடித்த நாள்களில் அது ஒன்று. பூஜை அறையில் இருந்தாலும் ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் முதல் பரிசு ஷீல்டுக்கும் தலையாட்டி பொம்மைக்கும் நடுவே இருந்தாலும் புத்தகத்தின் நிலை ஒன்றுதான். அது வீட்டின் மானம். பிரித்தால் அழுக்காகும்.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. கதைப் புத்தகத்தை வீடு ஏற்றுக்கொண்டுவிட்டது. கண்காட்சிக்குக் கூட்டிப்போய்ப் பைநிறைய வாங்கித் தருகிறது. எதற்காக? அறிவுரைப் பிரதியே பதில் சொல்கிறது: சொல்வளம் பெருகும், கவனம் குவியும், மார்க்கு ஏறும், இங்கிலீஷ் வரும். இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி தினம் இருபது நிமிடம் கட்டிவந்தால் முதிர்வுத் தொகை நிச்சயம். களவாக இருந்தது கடமையாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. புத்தகத்தை மூடின உடனே கேள்வி வருகிறது: ‘கதையிலேர்ந்து என்னடா கத்துக்கிட்டே?’ சினிமா பார்த்துவிட்டு வருகிறவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஐஸ் தின்று முடித்தவனிடமும் கேட்பதில்லை. மருந்து குடித்தவனிடம்தான் ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்பார்கள். பிள்ளைக்கு வித்தியாசம் புரியும்.

பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992-இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியல் போட்டார். அதில் முதலாவது, வாசிக்காமல் இருக்கிற உரிமை. பாதியில் மூடிவைக்கிற உரிமையும் அதில் உண்டு. நம் அறிவுரைப் பிரதியில் பிள்ளைக்கு உரிமை என்று ஒன்றும் கிடையாது, பயன்கள் மட்டும் உண்டு. காதல் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத இடத்தில் நடப்பதற்குப் பெயர் காதலா? பெரியவர்கள் ஏற்பாடு செய்கிற கல்யாணம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

*

‘அந்தக் காலத்துல எல்லாரும் வாசிச்சாங்க, இந்தப் புள்ளைங்கதான் வாசிக்கிறதில்ல’ என்பது இந்தப் பேச்சின் அடிநாதம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) இந்த இடத்தில் உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நடுத்தர வர்க்கத்துக்கு நாவல் வாசிப்பு எவ்வளவு பெரிய பதற்றமாக இருந்தது என்பதை அது ஆவணங்களோடு காட்டுகிறது. பெண்கள் நாவல் படிப்பதைப் பற்றிய பயம் அந்தப் பதற்றத்தின் நடுவில் இருந்தது. செல்போனைப் பற்றி இன்று சொல்லப்படுகிற எதையும் அன்றைக்கு நாவலைப் பற்றிச் சொல்லியிருக்க முடியும். புத்தி கெடும், வேலை கெடும், ஒழுக்கம் கெடும். எந்த வர்க்கம் தன் வீட்டுப் பெண்களின் கையிலிருந்து நாவலைப் பிடுங்கியதோ அதே வர்க்கத்தின் பேரப்பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளின் கையில் நாவலைத் திணிக்கிறார்கள். இரண்டு காலத்திலும் மாறாமல் இருப்பது ஒன்று: எதை, எப்போது, எதற்காக வாசிக்கலாம் என்று தீர்மானிக்கிற இடம் வீடு.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? அடுப்பு வேலைக்கும் அடுத்த அடுப்பு வேலைக்கும் நடுவே திருடிப் படித்தார்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கத்தரித்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ ஒட்டி வைத்தார்கள். கல்கியில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது எத்தனையோ வீடுகளில் இப்படித் தொகுப்பு உருவானது. பக்கத்தின் பின்புறம் பாதி அறுபட்ட ஜோக்கும் தைல விளம்பரமும் இருக்கும். ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும், அந்த வாரத்துக் கதையைப் பெரியம்மா வாயால் சொல்லி நிரப்புவார்கள். லீவுக்கு வந்த பிள்ளைகள் பரணில் அதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. இது பத்திரிகை வாங்க வசதியும் படிக்கத் தெரிந்த பெண்ணும் இருந்த வீடுகளின் கதை, பெரும்பாலும் மேல்சாதி வீடுகளின் கதை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்குள்ளேயே அது அதிகாரமில்லாதவர்களின் வாசிப்பாக இருந்தது. ஆண்களின் அலமாரியில் இருந்த தோல் அட்டைப் புத்தகங்களைப் பிள்ளைகள் துடைத்து வைத்தார்கள். பரணில் கிடந்ததைப் படித்தார்கள்.

சார்த்தரின் ‘சொற்கள்’ (1964) என்கிற தன்வரலாற்றில் இதே இரட்டை அலமாரி வருகிறது. தாத்தா ஷ்வைட்ஸரின் அறை முழுக்க நூல்கள், எழுத்துத் தெரிவதற்கு முன்பே சிறுவன் அவற்றை வணங்கக் கற்றுக்கொள்கிறான், படிப்பதாகப் பாசாங்கு செய்கிறான், பெரியவர்கள் பார்த்து மெச்சுகிறார்கள். இன்னொரு பக்கம் அம்மா தாத்தாவுக்குத் தெரியாமல் வாங்கித் தருகிற மலிவான படக்கதைப் பத்திரிகைகள், சாகசக் கதைகள். முதலாவதில் அவன் நடிகன். இரண்டாவதில்தான் வாசகன். பெரிய எழுத்தாளரான பிறகும் துப்பறியும் கதைகள்மீது இருந்த பிரியத்தை அவர் மறைக்கவில்லை. ‘நீங்கள் வாசிப்பதைப் பிள்ளை பார்க்கட்டும்’ என்கிற அறிவுரை பிள்ளைக்கு முதலில் கற்றுத்தரக்கூடியது வாசிப்பின் நடிப்பைத்தான். அப்பா பார்க்கும்போது புத்தகத்தை எடுக்கிற பிள்ளை, பிள்ளை பார்க்கும்போது புத்தகத்தை எடுக்கிற அப்பா. ரெண்டு பேரும் பக்கத்தைப் புரட்டுறாங்க.

*

வாசித்துக் காட்டுவதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் தமிழில் வாசித்துக் காட்டுவது என்பது மொழிபெயர்ப்பு. ‘அரசன் காட்டிற்குச் சென்றான்’ என்று அச்சில் இருக்கிறது. மடியில் மூன்று வயதுப் பிள்ளை. அம்மா வாய் என்ன சொல்கிறது? ‘ராஜா காட்டுக்குப் போனானாம்.’ கண் ஒரு தமிழில் போகிறது, வாய் இன்னொரு தமிழில் வருகிறது. நடுவில் இருக்கிற அந்த ‘ஆம்’ எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ‘எனக்கு நேராகத் தெரியாதுப்பா, சொல்லக் கேட்டதுதான்’ என்று கதைசொல்லி தன்னைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்கிற உத்தி அது. எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தமிழ்த் தாயும், அத்தையும், அண்ணனும் பயிற்சி இல்லாமலேயே இந்த மொழிபெயர்ப்பைச் செய்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வாசகர் மட்டுமில்லை, பாதி ஆசிரியர்.

அறிவுரைப் பிரதி இதைத் தவறு என்கிறது. தெளிவான உச்சரிப்போடு, புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்ட வேண்டுமாம். உடனே ழகரமும் ளகரமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பிள்ளை ‘வாளப்பளம்’ என்று வாசித்தால் கதை அங்கேயே நிற்கிறது, பழம் தோலுரிக்கப்படுகிறது. எந்த வீட்டுத் தமிழ் புத்தகத் தமிழுக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் திருத்தம் குறைவு. சேரியிலிருந்தும் மீனவக் குப்பத்திலிருந்தும் வருகிற பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் திருத்தம். தன் வாயே தப்பு என்று அது கற்றுக்கொள்கிற முதல் இடம் புத்தகமாக ஆகிவிடுகிறது. நம் சிறுவர் நூல்களில் பெரும்பகுதி இன்னும் பேசுகிற வாய் எதற்கும் சொந்தமில்லாத ஒரு தமிழில்தான் எழுதப்படுகிறது. மாயாவியும் அந்தத் தமிழில்தான் பேசினான் என்பது நினைவிருக்கிறது. அவனை யாரும் உரக்க வாசிக்கச் சொல்லவில்லை.

ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் விஷயம் இன்னும் மோசம். அங்கே வாசிப்புப் பழக்கம் என்றாலே இங்கிலீஷ் வாசிப்புதான். பாட்டி ராணி படிக்கிறாள், பேத்தி இங்கிலீஷ் நாவல் படிக்கிறாள். ஒரே சோபாவில் இரண்டு தீவிர வாசகர்கள், பகிர்ந்துகொள்ள ஒரு பக்கம் இல்லை. இதை ‘வாசிக்கும் குடும்பம்’ என்று படம் பிடித்துப் போடலாம்.

*

புத்தகமே இல்லாத வீட்டுக்கு வருவோம். 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 27 நாடுகளின் தரவுகளை வைத்துச் செய்தது, இந்த விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பெற்றோரின் படிப்பு, தொழில் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் 500 புத்தகம் உள்ள வீட்டில் வளர்கிற பிள்ளை, புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளையைவிடச் சராசரியாக மூன்று வருஷத்துக்கு மேல் கூடுதலாகப் படிக்கிறது என்கிறது அது. சரி. இதிலிருந்து மேடைப் பேச்சாளர் எடுக்கிற முடிவு: 500 புத்தகம் வாங்குங்கள். பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்று சொன்னதை இவர்கள் கடையில் கிடைக்கிற சரக்காகப் புரிந்துகொள்கிறார்கள். பொருளாக வீட்டில் இருக்கிற மூலதனம் வேறு, உடம்பில் ஊறிய மூலதனம் வேறு என்று பூர்தியூ பிரித்தே சொல்லியிருக்கிறார். இரண்டாவதை யாரும் ஒரே நாளில் வாங்கிவிட முடியாது. புத்தகம் இருக்கிற வீட்டில் புத்தகத்தோடு கூடப் புழங்குகிற பேச்சு, பெருமை, பயமின்மை எல்லாம் சேர்ந்துதான் அந்த மூன்று வருஷம்.

ஷெர்லி பிரைஸ் ஹீத் என்கிற மானிடவியலாளர் அமெரிக்காவின் கரோலினா பகுதியில் இரண்டு தொழிலாளர் குடியிருப்புகளில் பல ஆண்டுகள் பழகி 1983-இல் ஒரு நூல் எழுதினார். ஊர்ப் பெயர்களை மாற்றி ரோட்வில், டிராக்டன் என்று வைத்தார். ரோட்வில் வெள்ளைத் தொழிலாளர்களுடையது. அங்கே நம் அறிவுரைப் பிரதி சொல்கிற எல்லாம் நடக்கிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் படப் புத்தகம், படுக்கை நேரக் கதை, ‘இது என்ன? அது என்ன நிறம்?’ என்கிற கேள்விகள். கதை என்றால் நடந்ததைப் பிசகாமல் சொல்ல வேண்டும், நீதி இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் முதல் சில வகுப்புகள்வரை நன்றாகப் போகிறார்கள். சொந்தமாக யோசித்து எழுது, இப்படி நடந்திருந்தால் என்ன ஆகும் என்று பள்ளி கேட்கத் தொடங்கியதும் தடுமாறுகிறார்கள். டிராக்டன் கறுப்பினத் தொழிலாளர்களுடையது. அங்கே பிள்ளைக்கென்று புத்தகம் இல்லை, படுக்கை நேரக் கதை இல்லை. ஆனால் திண்ணையில் ஒருவர் கடிதத்தையோ செய்தித்தாளையோ உரக்கப் படிக்க, சுற்றி இருப்பவர்கள் குறுக்கிட்டு, தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்து, அதன் அர்த்தத்தைக் கூட்டாக உண்டாக்குகிறார்கள். தனியாக உட்கார்ந்து படிக்கிறவரைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பிள்ளைகள் கதைகட்டுவதில் சூரர்கள். பள்ளிக்கூடம் அந்தத் திறமையைக் கேட்பதே இல்லை, எடுத்த எடுப்பில் பின்தங்கிவிடுகிறார்கள்.

திண்ணை என்றதும் நமக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெரிய எழுத்துப் புத்தகங்கள், விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும், கண்ணால் படிக்க அச்சானவை இல்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, தெரியாத பத்துப் பேர் கேட்பதற்கானவை. டீக்கடை பேப்பரும் இயக்கப் படிப்பகங்களும் அந்த வழியில் வந்தவைதான். கதை சொல்கிற பாட்டிக்கு எதிரில் இருக்கிற பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். தூங்கிட்டியா என்று கேட்பாள். அந்த ‘ம்’ இல்லாமல் பிரதி நகராது. வாசகர்தான் பிரதியை உண்டாக்குகிறார் என்று மேலைக் கோட்பாட்டாளர்களை மேற்கோள் காட்டி நாம் எழுதியதையெல்லாம் ஒற்றை மெய்யெழுத்தில் முடித்தவர்கள் இவர்கள். புத்தகமில்லாத வீடு காலி வீடு என்று எழுதுகிறவர்களுக்கு இந்த ‘ம்’ காதில் விழவில்லை.

இதைச் சொல்லிவிட்டு, ஆகவே புத்தகம் வேண்டாம், வாய்மொழி போதும் என்று முடிக்கிற நாட்டார் மோகமும் எனக்குச் சம்மதமில்லை. எழுத்து மறுக்கப்பட்டவர்களிடம் போய் உங்கள் வாய்மொழி அழகு என்று பாராட்டுவது பழைய ஏமாற்று.

*

அம்பேத்கர் வளர்ந்த வீட்டைப் பாருங்கள். பம்பாய் பரேலில் தொழிலாளர்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒரே அறை. சமையல், படுக்கை, விறகு எல்லாம் அதற்குள். அப்பா ராம்ஜி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் காசில்லாதபோது கட்டிக்கொடுத்த மகளிடம் போய்க் கடன் கேட்டார், நகையை வாங்கி அடகு வைத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மூலைக்கு வழியில்லாத அந்த வீட்டில் அவர் ராத்திரி விழித்திருந்து மகனை இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவாராம். படிக்கிறதுக்கு அந்த நேரத்தில்தான் இடம் இருந்தது.

இதைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலுக்கு 1956-இல் அவர் எழுதி, முதல் பதிப்பில் இடம்பெறாமல் போன முன்னுரையில் அதைச் சொல்கிறார். அப்பா தினமும் பிள்ளைகளை மகாபாரதமும் ராமாயணமும் படிக்க வைத்தார். கட்டாயமாக. பல வருஷம் இது நடந்தது. மகன் ஒருநாள் அப்பாவை நேராகக் கேட்டான்: பிராமணர், சத்திரியர் பெருமையையும் சூத்திரர், தீண்டப்படாதவர் இழிவையும் திரும்பத் திரும்பச் சொல்கிற இந்தப் புத்தகங்களை எங்களை எதற்காகப் படிக்கச் சொல்கிறீர்கள்? அப்பா அடிக்கவில்லை. காரணம் சொன்னார். நாம் தீண்டப்படாதவர்கள், தாழ்வு மனம் வந்துவிடும், துரோணனும் கர்ணனும் எவ்வளவு கீழேயிருந்து மேலே வந்தார்கள் என்று பார். மகனுக்குத் திருப்தியில்லை. மகாபாரதத்தில் எனக்கு யாரையும் பிடிக்கவில்லை என்று சொன்னதாகவே எழுதுகிறார்.

வீட்டில் வாசிப்பை வளர்ப்பது என்று ஒன்று இருக்குமானால் அது அந்த ஒற்றை அறையில் நடந்த சண்டைதான். அப்பா செய்தது நம் அறிவுரைப் பிரதிக்குள் அடங்காது. கட்டாயப்படுத்தினார், அது தப்பு. புனித நூலைக் கொடுத்தார், அதுவும் தப்பு. ஆனால் பிரதிக்கு எதிராகக் கேள்வி கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தன்னை நினைத்தார். கதையிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று அப்பா மகனைக் கேட்கவில்லை. இந்தக் கதையை ஏன் கொடுத்தாய் என்று மகன் அப்பாவைக் கேட்டான். கேள்வியின் திசை மாறிவிட்டது.

அதே முன்னுரையில் இன்னொருவர் வருகிறார், கேலுஸ்கர் என்கிற ஆசிரியர். வீட்டில் இடமில்லாமல் சர்னி ரோடு தோட்டத்தில் உட்கார்ந்து படித்த சிறுவனைக் கவனித்தவர். தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு மகன் மறுபடியும் அப்பாவிடம் போனான்: இந்த இலக்கியத்தை ஏன் எங்களுக்கு அறிமுகம் செய்யவில்லை? வெளியிலிருந்து வந்த புத்தகம் வீட்டுப் புத்தகத்தை விசாரணைக்கு இழுத்தது. வீடு மட்டும் போதியிருந்தால் அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்திருக்காது. வெளி மட்டும் இருந்திருந்தால் விசாரிக்க ஆளிருந்திருக்காது.

*

1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் பாதிக்கு ஒரு பிடி அதிகம். அந்த வருஷத்தில் ‘அம்மா வாசித்துக் காட்டட்டும்’ என்பது கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகளுக்கு அர்த்தமில்லாத வாக்கியம். அந்த வீடுகளில் வாசிப்பு தலைகீழாக நடந்தது. பிள்ளை படித்தது, வீடு கேட்டது. மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, அடகுச் சீட்டு, வளைகுடாவிலிருந்து வந்த கடிதம், தாசில்தார் நோட்டீஸ். எட்டு வயதில் குடும்பத்தின் கண்ணாக இருப்பது பெருமை. பாரமும்கூட. கடன் பாக்கி எவ்வளவு என்று அப்பாவுக்கு முன்பே தெரிந்துகொள்கிற பிள்ளையின் வாசிப்பைக் காதல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வாசிப்பில் எழுத்து நிஜமாகவே ஒரு காரியத்தைச் செய்தது. அதே காலத்தில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையிலும் மற்ற மாவட்டங்களிலும் நடந்தபோது அம்மாவும் பெண்ணும் ஒரே வெளிச்சத்தில் ஒரே எழுத்தைக் கூட்டிப் படித்த வீடுகள் உண்டு. 2011 கணக்கெடுப்பில் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 73 சதத்தைத் தாண்டினார்கள். அன்றைக்குக் கூட்டிப் படித்த அந்தப் பெண்பிள்ளைகள்தான் இன்று அம்மாக்கள். அவர்களுக்கு அறிவுரை சொல்கிறவர்கள் அவர்கள் எப்படி வாசகர்கள் ஆனார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பீடி சுற்றுகிற, பூக் கட்டுகிற வீடுகளில் கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. டி.வி. சீரியல் அந்தக் காதைப் பிடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே பிள்ளை உரக்க ஒரு கதையைப் படித்தால் கேட்க ஆள் உண்டு, ‘ம்’ கொட்ட ஆள் உண்டு, ‘அவ ஏன் அப்பிடிச் செஞ்சா, லூசு’ என்று குறுக்கே பேச ஆள் உண்டு. 2023-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு சிறு கதைப் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. அவற்றைப் பள்ளி அலமாரியில் எண்ணிப் பூட்டி வைக்காமல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் போதும். கிழிந்து திரும்பி வந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் வீட்டு வரி. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ரங்கநாதன் மாதிரியானவர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமத்துக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் அவர்கள். ஆக, சொந்த வீடு உள்ளவர் நேராகவும் வாடகைக்காரர் வாடகைக்குள் வைத்தும் ஒரு வாசிப்பு மூலைக்கு ஏற்கெனவே காசு கட்டிவிட்டார்கள். அது தெருக்கோடியில் இருக்க வேண்டும். 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் திறந்து, அதில் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியும் வைத்தார்கள். அடுத்த வருஷமே அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அடுத்து வந்த அரசு அறிவித்தது. நீதிமன்றம் குறுக்கிட்டதால் நூலகம் தப்பியது. அது எல்லோர் கண்ணிலும் படுகிற பெரிய கட்டடம். சின்ன ஊர்க் கிளை நூலகங்களுக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்தில் திறந்திருந்து, அவர்கள் வீடு திரும்பிச் சாப்பிட்டு வெளியே வருகிற நேரத்தில் மூடுகிற கிளை எத்தனை? ‘சின்னப் பசங்க எடுத்தா கிழிச்சிருவாங்க’ என்று சிறுவர் நூல்களைப் பூட்டி வைத்திருக்கிற அலமாரி எத்தனை? பெரியவர் துணையில்லாமல், எதை எடுத்தேன் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லாமல் ஒரு பத்து வயதுப் பெண்பிள்ளை போய் உட்கார்ந்துவிட்டு வர முடிகிற நூலகம் உங்கள் தெருவிலிருந்து எத்தனை தூரம்?